ஆப்பிரிக்காவில் சுட்ட மான் தலை மதுரை வீட்டுச் சுவருக்கு வருமா?

"மாமா, நமீபியாவுல லைசென்ஸ் எடுத்துத்தான் சுட்டேன். குடுன்னு ஒரு மான், கொம்பு மட்டும் ஒன்றரை ஆள் நீளம் இருக்கும். பாடம் பண்ணி அனுப்புறேன். கே.கே. நகர் வீட்டு ஹால்ல, டிவிக்கு மேல மாட்டிருவோம்."

"அதெல்லாம் சரிதான் மாப்ள, ஃபாரஸ்ட்காரங்க கேட்டா என்ன சொல்றது?"

"பேப்பர்லாம் பக்காவா இருக்கு மாமா. இங்க இருக்க ஏஜென்ட் பாத்துக்குவாரு."

கற்பனை உரையாடல்தான். ஆனால், வெளிநாட்டில் நன்றாகச் சம்பாதிக்கும் மருமகனும், மதுரையில் புது வீடு கட்டியிருக்கும் மாமாவும் இருக்கும் குடும்பங்களில் இப்படியொரு பேச்சு நடப்பதில் வியப்பில்லை. தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் பணம் கட்டி வேட்டையாடுவது சட்டப்படியான தொழில். சுட்ட விலங்கின் தலையையோ தோலையோ பாடம் செய்து ஊருக்கு அனுப்பிவைக்க அங்கே தனித் தொழிற்கூடங்களே இருக்கின்றன. அங்கே எல்லாம் சரி. பெட்டி இங்கே வந்து இறங்கும்போது என்ன ஆகும்? மாமா கேட்டதுதான் சரியான கேள்வி. மருமகன் சொன்ன பதில் போதாது.

முதலில், அங்கே என்ன நடக்கிறது?

வேட்டை முடிந்த சில மணி நேரத்திலேயே வேலை தொடங்கிவிடுகிறது. வெயில் நாடு என்பதால் தாமதித்தால் தோலில் பாக்டீரியா ஏறி முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிடும். அப்புறம் எந்தக் கலைஞராலும் அதைக் காப்பாற்ற முடியாது. எனவே முகாமிலேயே தோலை உரித்து, காது, உதடு, கண் இமை ஓரங்களில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, உப்பைக் கொட்டித் தேய்க்கிறார்கள். தோள் வரை தலை வேண்டுமென்றால் தொண்டைப் பக்கம் கத்தி வைக்கக் கூடாது. தோளுக்குப் பின்னால் சுற்றி வெட்டி, பின்கழுத்து வழியாகத்தான் உரிக்க வேண்டும். தையல் சுவர்ப் பக்கம் மறைந்துவிடும் என்பதுதான் காரணம். மண்டையோட்டைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து, கொம்பின் உள்ளே இருக்கும் எலும்புத் தண்டையும் கழற்றிக் காயவைக்கிறார்கள்.

அதன் பிறகு இரண்டு வழி. அங்கேயே பாடம் செய்து முழு உருவமாக அனுப்பலாம். அல்லது கிருமிநீக்க மருந்தில் முக்கி, காயவைத்து, பெட்டியில் அடைத்து, ஊரில் பாடம் செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பிவிடலாம். அமெரிக்க வேட்டைக்காரர்கள் பலர் இரண்டாவது வழியைத்தான் எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஊரிலேயே ஆள் இருக்கிறது. நமக்கு இல்லை. அது ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

பாடம் செய்வது என்றால் விலங்குக்குள் வைக்கோல் அடைப்பது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது தாத்தா காலத்து முறை. இப்போது பாலியூரித்தேன் நுரையில் தசை, எலும்பு அளவெல்லாம் பார்த்து ஓர் உருவம் செய்து, பதனிட்ட தோலை அதன் மேல் சட்டை போல மாட்டித் தைக்கிறார்கள். கண் கண்ணாடி. உள்ளே அசல் விலங்கு என்று எதுவுமே கிடையாது. தோலும் கொம்பும் மட்டும்தான் அசல். இதற்கெல்லாம் பல மாதங்கள், சில நேரம் ஓராண்டுக்கு மேலும் ஆகும். கடைசியில், பூச்சி வராதபடி சூடேற்றி முத்திரையிட்ட மரப்பலகைப் பெட்டி, கால்நடை மருத்துவரின் சான்று, வேட்டை உரிமத்தின் நகல், ஏற்றுமதி அனுமதி. இதைத்தான் மருமகன் 'பேப்பர்லாம் பக்கா' என்கிறார்.

அந்தப் பேப்பர் இங்கே செல்லுமா?

அந்தப் பேப்பர் அந்த நாட்டின் கதவைத் திறக்கும். நம் நாட்டின் கதவுக்கு வேறு சாவிகள் வேண்டும்.

முதல் சாவி, சைட்டிஸ். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இது. இந்தியா 1976 முதல் இதில் இருக்கிறது. இதன் முதல் பட்டியலில் உள்ள விலங்கு என்றால், அந்த நாடு தரும் ஏற்றுமதி அனுமதி மட்டும் போதாது. இறக்குமதி செய்யும் நாடும் முன்கூட்டியே அனுமதி தந்திருக்க வேண்டும். சிறுத்தை இந்தப் பட்டியலில்தான் வருகிறது. ஆப்பிரிக்க யானை பல நாடுகளில் முதல் பட்டியல். போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே யானைகள் மட்டும் நிபந்தனைகளோடு இரண்டாம் பட்டியல். ஆப்பிரிக்கச் சிங்கம், நீர்யானை, 2019 முதல் ஒட்டகச்சிவிங்கி ஆகியவை இரண்டாம் பட்டியல். நம் கிர் காட்டுச் சிங்கமோ முதல் பட்டியல். ஒரே இனம், வேறு வேறு பட்டியல். சுங்க அதிகாரி தலையைப் பிய்த்துக்கொள்வது நியாயம்தான்.

மருமகன் சுட்ட குடு எந்தப் பட்டியலிலும் இல்லை. அது மான்கூட இல்லை. நம் வெளிமானைப் போல ஆண்டுதோறும் உதிராத கொம்பு கொண்ட இரலை வகை. ஆப்பிரிக்கக் காட்டெருமை, இம்பாலா போன்றவையும் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. 'அப்போ பிரச்சினையே இல்லையே' என்று தோன்றும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

பாடம் செய்த விலங்கு, நினைத்தால் வாங்கிவரும் சாக்லேட், பெர்ஃப்யூம் போன்ற சாமான் இல்லை. வெளிநாட்டு வணிக இயக்ககத்தின் இறக்குமதிக் கொள்கை, வனவிலங்குச் சட்டம், சைட்டிஸ் விதிகள் ஆகிய எல்லாவற்றுக்கும் உட்பட்டே அது உள்ளே வர முடியும். அதோடு கால்நடைத் துறையின் சுகாதார அனுமதியும் வேண்டும். இது 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின் வழி வருவது. பெட்டி கப்பலிலோ விமானத்திலோ ஏறுவதற்கு முன்பே இந்த அனுமதிகள் கையில் இருக்க வேண்டும். வந்து இறங்கிய பிறகு 'எழுதிக் கொடுக்கிறேன் சார்' என்பதற்கு இடமில்லை.

ஒரு காய்ந்த தோலுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

சுகாதார அனுமதி என்றதும் வெறும் அரசாங்க இழுத்தடிப்பு என்று நினைக்கத் தோன்றும். மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கம் மாடு வளர்க்கிற யாரிடமாவது கோமாரி என்று சொல்லிப் பாருங்கள். வாயிலும் குளம்பிலும் புண் வந்து, பால் வற்றி, உழைக்கிற மாடு படுத்துவிடும். அந்தக் கோமாரியின் வைரஸ் வகைகள் சில ஆப்பிரிக்கக் காட்டெருமைகளிடம் நோய் அறிகுறியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தங்கியிருப்பவை. இங்கே நாம் போடும் தடுப்பூசி நம் ஊரில் சுற்றும் வகைகளுக்கானது. புது வகை ஒன்று நுழைந்தால் அது கைகொடுக்கும் என்று உறுதியில்லை.

இன்னொன்று ஆந்த்ராக்ஸ், நம் ஊர்க்காரர்கள் அடைப்பான் என்று சொல்வது. நமீபியாவின் எட்டோஷா, தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காக்களில் வனவிலங்குகளிடையே இது அவ்வப்போது தலைகாட்டும் நோய். அதன் வித்துகள் தோலிலும் முடியிலும் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் கம்பளி பிரிக்கும் தொழிலாளர்களுக்கு வரும் நோய் என்றே இதற்குப் பெயர்.

முழுமையாகப் பதனிட்டுப் பாடம் செய்த தலையில் இந்த ஆபத்து மிகக் குறைவு. உப்புத் தோலாக, அரைகுறையாக வருவதுதான் ஆபத்து. "திண்டுக்கல்லில்தான் தோல் பதனிடுற ஆளுங்க தலைமுறை தலைமுறையா இருக்காங்களே, அங்க குடுத்துப் பாத்துக்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால், கேட்காதீர்கள். ஆவாரம்பட்டையில் ஆட்டுத்தோல் பதனிடுவது ஒரு கலை. ஆனால் சட்டத்தின் கண்ணில் வனவிலங்கைப் பாடம் செய்யும் தொழில் வேறு. உரிமம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. தோலைக் கொடுத்தவரோடு சேர்ந்து வாங்கியவரும் மாட்டிக்கொள்வார்.

விமானம் ஏற்றுமா?

ஆப்பிரிக்காவிலிருந்து நம் பக்கம் வருகிற பலருக்குத் துபாய்தான் இடைவழி. எமிரேட்ஸ் நிறுவனத்தின் சரக்குப் பிரிவு 2015 மே மாதத்திலேயே யானை, காண்டாமிருகம், சிங்கம், புலி ஆகியவற்றின் வேட்டைச் சின்னங்களை ஏற்ற மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவை ஒட்டி, செசில் என்று பெயரிடப்பட்டிருந்த சிங்கத்தை அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் கொன்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஆகஸ்டிலேயே டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகிய விமான நிறுவனங்களும் பெருவிலங்குச் சின்னங்களுக்குக் கதவை மூடின. சட்டம் அனுமதித்தாலும் சுமந்துவர ஆள் கிடைக்காத நிலை இப்படித்தான் உருவானது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். நமீபியாவில் வேட்டைக் கட்டணத்தின் ஒரு பங்கு கிராமச் சமூகங்கள் நடத்தும் காப்பகங்களுக்குப் போகிறது. 2014-ல் வேட்டையைத் தடை செய்த போட்ஸ்வானா, பயிரை யானை அழிக்கிறது என்ற கிராமத்தினரின் குரலுக்குப் பிறகு 2019-ல் தடையை நீக்கியது. வேட்டைச் சின்ன இறக்குமதியை ஜெர்மனி இறுக்கப் பார்த்தபோது, "20,000 யானைகளை உங்களுக்கே அனுப்புகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்" என்று போட்ஸ்வானா அதிபர் 2024-ல் சீண்டியதும் இந்தக் கோபத்தில்தான். கென்யாவோ 1977 முதல் வேட்டையே வேண்டாம் என்று இருக்கிறது. எது சரி என்று அடித்துக்கொள்வது அவர்கள் ஊர் விவகாரம். நம் ஊர்ச் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் மட்டும் குழப்பமில்லை.

நமக்கே ஒரு பெரிய கூடம் இருந்தது

மதுரையிலிருந்து ஒரு இரவுப் பேருந்து தூரத்தில், மைசூரில், உலகின் மிகப் பெரிய பாடம் செய்யும் கூடங்களில் ஒன்று இருந்தது என்றால் இன்றைய தலைமுறை நம்பாது. வான் இங்கன் அண்டு வான் இங்கன். யூஜின் வான் இங்கன் தொடங்கிய இந்த நிறுவனத்தை அவருடைய மகன்கள் வளர்த்தார்கள். அந்த மகன்களின் பெயர்களைப் பாருங்கள்: போத்தா, டி வெட், ஜுபேர். தென்னாப்பிரிக்கப் போயர் போரின் தளபதிகளின் பெயர்கள்!

மகாராஜாக்கள், ஜமீன்தார்கள், வெள்ளைக்கார அதிகாரிகள், தேயிலைத் தோட்டத்துரைகள் எல்லோரும் சுட்ட புலியையும் சிறுத்தையையும் இங்கேதான் அனுப்பினார்கள். காகிதக்கூழால் வார்த்த அச்சின் மேல் தோலை ஏற்றி, வாயைப் பிளந்து உறுமும் முகத்தோடு செய்து தருவது இவர்களுடைய அடையாளம். தென்னிந்தியாவின் பழைய பங்களா ஒன்றில் பல்லைக் காட்டும் புலித்தலை ஒன்றைப் பார்த்தால், அது மைசூர்ச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

1970-ல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம், மிச்சமிருந்த உரிம வேட்டைக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. பாடம் செய்ய விலங்கு வராமல் 1990-களின் இறுதியில் கூடம் மூடப்பட்டது. சகோதரர்களில் கடைசியாக இருந்த ஜுபேர் 2013-ல் நூறு வயதில் காலமானார். அந்தக் கைத்தொழில் அவரோடு ஏறக்குறைய போய்விட்டது. இப்போது மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009-ல் தொடங்கிய அரசு மையம் ஒன்று உண்டு. கால்நடை மருத்துவப் பேராசிரியர் சந்தோஷ் கைக்வாட் அதை உருவாக்கியவர். அங்கே பாடம் செய்யப்படுவது உயிரியல் பூங்காக்களில் இயற்கையாக இறந்த விலங்குகள், அதுவும் கல்விக்காக.

தாத்தாவின் புலித்தலை என்ன ஆகும்?

உண்மையைச் சொன்னால், ஆப்பிரிக்கக் குடுவைவிட மதுரைப் பக்கக் குடும்பங்களுக்கு நெருக்கமான சிக்கல் இதுதான். மேகமலை, கம்பம் பள்ளத்தாக்கு, பழனி மலைப் பக்கம் அந்தக் காலத்தில் வேட்டைக்குப் போன குடும்பங்களில் பரண் மேலோ மாடிப்படிக்கு மேலோ ஏதோ ஒன்று இருக்கும். மான் கொம்பு, கரடித் தோல், புலித்தலை, யானைப் பாதத்தில் செய்த முக்காலி. 'நாங்க சுடலியே, எங்க தாத்தா சுட்டது, அப்போ சட்டமே இல்லை' என்பார்கள். சட்டம் கேட்பது யார் சுட்டது என்பதை அல்ல. யார் கையில் இருக்கிறது, அதற்கு உடைமைச் சான்று உண்டா என்பதைத்தான்.

சட்டம் வந்தபோதே இவற்றை அறிவித்துச் சான்று பெறச் சொன்னார்கள். தவறவிட்டவர்களுக்காக 2003 ஏப்ரலில் தனி விதிகள் கொண்டுவந்து 180 நாள் கடைசி வாய்ப்பும் கொடுத்தார்கள். அதையும் விட்டவர்கள்தான் இன்று முழிக்கிறார்கள்.

சான்று இருக்கிறதா? அப்பா இறந்து பொருள் உங்களிடம் வந்திருந்தால், வந்த 90 நாட்களுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும். அப்பா பெயரில் சான்று இருப்பதே போதும் என்று சும்மா இருந்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. விற்கக் கூடாது. விலைக்குப் பதிலாக வேறு எதையும் வாங்கிக்கொண்டு கைமாற்றவும் கூடாது. சென்னையிலிருக்கும் தம்பி வீட்டிலிருந்து பெங்களூரில் உள்ள அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனால் அதையும் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வேண்டாம் என்றால், 2022 திருத்தத்தின்படி முன்னறிவிப்பு கொடுத்து அரசிடம் ஒப்படைத்துவிடலாம். பணம் கிடைக்காது, பாரம் குறையும்.

சான்றே இல்லையா? அப்படியென்றால் அது சட்டப்படி அரசின் சொத்து. அரசின் சொத்து ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்து ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டம். பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்ததை இப்போதுதான் பார்க்கிறீர்கள் என்றால், ஒரு வழக்கறிஞரை வைத்து எழுத்து மூலமாகவே அணுகுங்கள். இரவோடு இரவாகக் கண்மாயில் வீசுவதும் எரிப்பதும் ஆதாரத்தை அழிப்பதாகத்தான் பார்க்கப்படும்.

சான்று வாங்கினாலும் அது முறைப்படி வாங்கியதாக இருக்க வேண்டும். கேரளத்தில் பிரபல நடிகர் ஒருவர் வீட்டில் 2011-ல் வருமான வரிச் சோதனையின்போது தந்தங்கள் கிடைத்தன. பின்னர் அரசே உடைமைச் சான்று கொடுத்தது. ஆனால் அதற்கான உத்தரவு அரசிதழில் முறையாக வெளியாகவில்லை என்று, 2025 அக்டோபரில் கேரள உயர்நீதிமன்றம் அந்தச் சான்றைச் செல்லாது என்றுவிட்டது. பெரிய இடத்துக்கே இதுதான் நிலை.

தண்டனை? முதல் அட்டவணை விலங்குகள் என்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். பொருள் உங்களிடம் இருந்தது என்று நிறுவப்பட்டுவிட்டால், அது சட்டப்படி வந்தது என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில்.

புலி நகமும் மயிலிறகும்

'நம்ம வீட்ல தலை, தோல் எதுவும் இல்லப்பா' என்று நிம்மதியாகப் படித்துக்கொண்டு வந்தவர்கள் கழுத்துச் சங்கிலியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் வேட்டைச் சின்னம் என்பதில் நகம், பல், முடி, இறகு, கொம்பு எல்லாம் அடக்கம். 2023 அக்டோபரில் கர்நாடகத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் போட்டியாளர், கழுத்தில் போட்டிருந்த புலி நகப் பதக்கத்துக்காக நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த இடத்திலேயே கைதானார். திருவிழாக் கடைகளில் விற்கும் 'புலி நகம்' பெரும்பாலும் மாட்டுக் கொம்பைச் செதுக்கியது என்பது வேறு விஷயம். போலியை அசல் என்று நம்பி ஏமாந்தவர் தப்பித்தார். அசலை வாங்கியவர்தான் மாட்டிக்கொண்டார்.

மயிலிறகுக்கு மட்டும் விலக்கு. தேசியப் பறவையே முதல் அட்டவணையில்தான் இருக்கிறது. ஆனால் தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் வைத்துக்கொள்ளலாம். திருப்பரங்குன்றத்திலும் பழமுதிர்சோலையிலும் காவடிக்குக் கட்டும் இறகுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வெளிநாட்டு மருமகனுக்குப் பார்சலில் அனுப்ப நினைத்தால் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள், ஏற்றுமதிக்குத் தடை.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. பழைய பாடம் செய்த விலங்குகளில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் தடவுவது வழக்கமாக இருந்தது. அருங்காட்சியகங்கள் அவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது வெறுங்கையால் தட்டித் துடைக்காதீர்கள். குழந்தைகளைத் தடவிப் பார்க்கவும் விடாதீர்கள்.

சரி, மருமகனுக்கு மாமா என்ன சொல்லலாம்?

இன்னும் பெட்டி கிளம்பவில்லை என்றால், கிளம்ப வேண்டாம் என்று சொல்லலாம். சுங்கம், கால்நடைத் துறை, சைட்டிஸ் நிர்வாக அலுவலகம் மூன்றிடமும் எழுத்து மூலமான பதில் கைக்கு வரும்வரை. அங்குள்ள ஏஜென்டின் பொறுப்பு பெட்டியை விமானத்தில் ஏற்றுவதோடு முடிகிறது. பெட்டியின் மேல் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்தான் இங்கே பதில் சொல்ல வேண்டும். மருமகன் எழுதியிருப்பது மாமா பெயர் என்றால் சம்மன் கே.கே. நகருக்குத்தான் வரும்.

பாடம் செய்த விலங்கைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் ஆசை என்றால் வழி இருக்கிறது. காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்திலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கொடைக்கானல் போகும்போது, இயேசு சபையினர் 1895-ல் தொடங்கிய செண்பகனூர்க் கல்லூரியின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பழனி மலையின் விலங்குகளையும் பறவைகளையும் பாடம் செய்து வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை இறந்தால் மாலை போட்டு, மேளம் அடித்து, ஊரே கூடிப் புதைக்கிறார்கள். வீட்டு மாடு என்பதால் அதன் தலையைப் பாடம் செய்து மாட்ட வனவிலங்குச் சட்டம் குறுக்கே வராது. ஆனாலும் அப்படிச் செய்யும் வழக்கம் இங்கே இல்லை. சமாதிக்குத்தான் போவார்கள், பொங்கல் அன்றைக்கு.